முன்பாரம், பின்பாரம், பெட்ரோல் ஆவி: ஒரு ஜெனரேட்டர் பெட்டியின் கதை

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் முகாம் டிரெய்லருக்கு ஒரே அச்சு, இரண்டே சக்கரம். உள்ளே நால்வர் நெருக்கிப் படுக்கலாம். அதற்கு மேல் ஒரு பையை வைக்கவும் இடம் தேட வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வசிக்கும் எங்களுக்குக் கோடை வார இறுதி என்றால் சியரா நெவாடா மலைதான். மின் இணைப்பு உள்ள முகாம் இடங்கள் மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். மிச்சம் கிடைக்கும் இடங்களில் பைன் மர நிழல் தாராளம்; அந்த நிழலில் சூரியத் தகடு பாதி நாள் சும்மா கிடக்கும். ஆகவே ஹோண்டா EU2200i ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். 121 சிசி இயந்திரம்; தொடர்ந்து 1,800 வாட், சிறிது நேரத்துக்கு 2,200 வாட். வெறும் எடை 21 கிலோவுக்குச் சற்று மேல். டேங்கில் 3.6 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும்.

வாங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. முதல் வருடம் காரின் பின்புறத்தில் போர்வை சுற்றி வைத்தோம். மலைப்பாதையின் மூன்றாவது வளைவிலேயே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டிரெய்லருக்குள் வைத்தால் தலையணையெல்லாம் பெட்ரோல் வாசம். வெளியே ஒரு பெட்டி செய்வது என்று முடிவாயிற்று. அன்று நான் நோட்டில் எழுதிய தேவைகள் மூன்றே வரி: திருடு போகக் கூடாது, நனையக் கூடாது, நாறக் கூடாது. பெட்டியின் இடத்தை முடிவுசெய்த பாரமும், அதை இரண்டு முறை செய்ய வைத்த ஆவியின் ஆபத்தும் அந்த மூன்று வரியில் இல்லை.

எங்கே வைப்பது

பக்கத்து வீட்டுக்காரர் டிரெய்லரின் பின் பம்பரைக் காட்டினார். பார்வைக்கு அது 4 அங்குலச் சதுரக் குழாய், திடமாகத்தான் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தால் கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைப்பதற்கான வெற்றுக்கூடு, மெல்லிய தகடு. அதில் பெட்டியைத் தொங்கவிட்டு மேடு பள்ளத்தில் ஓட்டினால் பற்றவைத்த இணைப்புகள் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. அதற்கும் முந்தைய கேள்வியைக் கேட்டவர் அப்பா. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னவுடன், "பின்னால் கட்டினால் வண்டி பின்பாரம் ஆகிவிடாதா, தம்பி?" என்றார். இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர்.

ஒற்றை அச்சு டிரெய்லர் மாட்டுவண்டியேதான். மாட்டின் இடத்தில் கார், நுகத்தடியின் இடத்தில் காரின் இழுவைப் பந்து, ஏர்க்காலின் இடத்தில் முன்னால் நீளும் ஏ வடிவ இரும்புச் சட்டம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். இங்கே காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரப் பிடிமானம் குறையும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். இங்கே டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலை ஆட்டத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்து போகும் காற்றே போதும், ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். அமெரிக்காவில் சொல்லப்படும் பொது விதி, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைப் பந்தின் மேல் விழ வேண்டும் என்பது. இதை முன்பாரம் என்றே அழைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் முன்பாரம் எவ்வளவு என்று பார்க்கக் குளியலறை எடைத்தராசு போதுமானதாக இருந்தது. அது 150 கிலோவுக்கு மேல் தாங்காது என்பதால் நெம்புகோல் வழி. கெட்டியான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையை இரும்புக் குழாயின் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வைத்து, குழாயிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தொலைவில் டிரெய்லரின் முன்முனையை இறக்க வேண்டும். தராசு காட்டுவதை 3 ஆல் பெருக்கினால் முன்பாரம். 55 காட்டியது, ஆக 165 கிலோ. சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடை 1,360 கிலோ. 12 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல நிலை.

இனி பெட்டி. ஜெனரேட்டர் 21.5, பெட்ரோல் 2.7, அலுமினியப் பெட்டி 17, தாங்கு இரும்புகள் 3.5, கிட்டத்தட்ட 45 கிலோ. பந்திலிருந்து அச்சு வரை 335 சென்டிமீட்டர். பின் பம்பர் அச்சுக்குப் பின்னால் 200 சென்டிமீட்டர். அங்கே 45 கிலோ ஏறினால் முன்பாரத்தில் 27 கிலோ குறையும்: 138 கிலோ, அதாவது 9.8 சதவீதம். அப்பா கணக்குப் போடாமல் சொன்னது கணக்கிலும் வந்தது. முன்சட்டத்தில், பந்துக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் முன்பாரம் 36 கிலோ கூடி 201, அதாவது 14.3 சதவீதம். எங்கள் காரின் பந்துக்கு உச்சவரம்பு 227 கிலோ. இடம் இருந்தது, ஆனால் தாராளம் இல்லை. அதனால் முன் அலமாரியிலிருந்த இரும்பு வாணலிகளையும் கருவிப்பெட்டியையும் அச்சுக்கு மேலே நகர்த்தினோம். வாணலி நகர்ந்தது பற்றி வீட்டில் நடந்த பேச்சு இந்த ஆய்வில் சேராது.

முன்சட்டத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சிலர் உண்டு: 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஒன்று, ஈய அமில பேட்டரி, டிரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்கும் மின் ஜாக்கி. மிச்ச இடத்தில் அட்டையால் ஒரு பொய்ப்பெட்டி செய்து ஒட்டி, காலி வாகன நிறுத்துமிடத்தில் காரை முழுக்க ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன். காரின் பின்கதவு திறந்தபோது அட்டையின் மேல் விளிம்பு மடங்கியது. பெட்டியை 8 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினேன். மேலே சொன்ன 70 சென்டிமீட்டர் அப்படி வந்ததுதான். பெட்டி செய்ய நினைப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே வேலை இந்த அட்டை வேலை. அலுமினியத்தில் 8 சென்டிமீட்டர் தவறினால் அது திருத்தம் இல்லை, மறுபிறப்பு.

முதல் பெட்டி

உள்ளளவு 64 நீளம், 42 அகலம், 52 உயரம், எல்லாம் சென்டிமீட்டர். 3.2 மில்லிமீட்டர் 5052 ரக அலுமினியத் தகடு. நான் வரைந்து கொடுத்தேன். தகடு வேலைப் பட்டறைக்காரர் ஒருவர் மடித்துப் பற்றவைத்துக் கொடுத்தார். டிரெய்லர் சட்டத்தில் துளை போடவில்லை. வளைந்து குலுங்கும் இரும்பில் துளை விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இரண்டு கோண இரும்புகளைக் குறுக்கே வைத்து, யு வடிவ போல்ட் நான்கால் சட்டத்தை அணைத்துப் பிடித்தோம். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதால் நடுவே ரப்பர் தகடு. முதல் 80 கிலோமீட்டருக்குப் பின் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். நான்கு போல்ட்டுகளில் மூன்றின் நட்டுகள் கால் சுற்று ஏறின.

திருட்டுக்குப் பெட்டியின் பூட்டை நான் நம்பவில்லை. ஜெனரேட்டரின் கைப்பிடி வழியாகப் போய்ச் சட்டத்தைச் சுற்றி வரும் சங்கிலிதான் உண்மையான காவல். இதற்கு மேல் அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

மழைக்கு மட்டும் அதிகமாகவே யோசித்தேன். அடித்தகடு நாலு பக்கமும் முழுக்கப் பற்றவைப்பு. மூடியின் விளிம்பெங்கும் கார்க் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டை. தோட்டக் குழாயால் பத்து நிமிடம் நீரடித்துப் பார்த்தேன். உள்ளே வைத்திருந்த செய்தித்தாள் மொறமொறவென்று இருந்தது. பெருமையாகப் படமெல்லாம் எடுத்தேன்.

தியோகா கணவாய்

ஜூலையில் முதல் பயணம். காலையில் வீட்டில், கிட்டத்தட்ட 20 டிகிரி செல்சியஸில், டேங்கைக் கழுத்துவரை நிரப்பினேன். மூடியிலுள்ள காற்றுத்துளை நெம்பை அடைத்தேன். மதியம் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வெயில் 40 டிகிரி. அங்கிருந்து 120ஆம் நெடுஞ்சாலையில் ஏறி யோசெமிட்டி தேசியப் பூங்காவைக் கடந்து, 3,031 மீட்டர் உயரத் தியோகா கணவாயைத் தாண்டி, மோனோ ஏரிப் பக்கம் இறங்கினோம். முகாமில் டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன் ஏதோ தோன்றிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

பெட்ரோல் ஆவி கண்ணைக் கரித்தது. டேங்க் மூடியின் காற்றுத்துளையைத் திறந்ததும் பிரஷர் குக்கர் போலச் சீறியது. ஜெனரேட்டரின் அடியில், நான் பெருமைப்பட்ட அந்தப் பற்றவைப்புத் தொட்டியில், கைக்குட்டை அளவுக்கு ஈரம். என் மனைவி நாலடி தள்ளி நின்று, "இது பெட்டியா, வெடிகுண்டா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் என் இன்னொரு கை அப்போது மின் ஜாக்கியின் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. முகாமில் இறங்கியவுடன் நான் செய்யும் முதல் வேலை அந்தப் பொத்தானை அழுத்துவது. உள்ளே கரித்தூரிகையோடு சுழலும் மோட்டார். சுழலும்போதெல்லாம் சிறு பொறி பறக்கும் வகை. பெட்டிக்கும் அதற்கும் 30 சென்டிமீட்டர்.

திரும்பி வந்தபின் காரணங்களைப் பிரித்துப் பார்த்தேன். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். 3.6 லிட்டர், 20 டிகிரி ஏற்றம்: ஏறக்குறைய 70 மில்லி, பாதித் தம்ளர் காப்பி. கழுத்துவரை நிரப்பிய டேங்கில் அது எங்கே போகும்? அடுத்தது உயரம். தியோகா உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். அடைத்த டேங்கின் உள்ளே பள்ளத்தாக்கின் அழுத்தம், வெளியே மலையின் அழுத்தம். இடையில் எந்தச் சிறு கசிவுவழி இருந்தாலும் ஆவி அதைக் கண்டுபிடிக்கும். மூன்றாவது என் சோம்பல். இந்த மாடலில் எஞ்சின் ஓடும்போதே பெட்ரோலை மட்டும் அடைத்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்க்கும்படி சுவிட்ச் அமைப்பு உண்டு. நான் நேரே அணைத்துவிட்டிருந்தேன். கார்புரேட்டர்க் கிண்ணத்துக்குத் தனிக் காற்றுவழி இருக்கிறது. குலுங்கக் குலுங்க அதன் வழியே வாசம் வரும்.

இந்த மூன்றையும் திருத்திக்கொண்டு, டேங்கை முக்கால் அளவு நிரப்பி, கார்புரேட்டரைக் காயவிட்டு, அதே பெட்டியை வீட்டு வாசலில் ஒரு நாள் வெயிலில் வைத்தேன். மாலையில் திறந்தால் வாசம் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. ஆக, என் பழக்கம் மட்டும் குற்றவாளி இல்லை. பெட்டியும்தான்.

அப்போதுதான் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். தூக்கம் போனது அதனால்தான். பெட்டியின் கொள்ளளவு 140 லிட்டர். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் கலவை. அதாவது 2 லிட்டர் ஆவி. அதைத் தர ஏறத்தாழ 10 மில்லி திரவப் பெட்ரோல் போதும். இரண்டு தேக்கரண்டி. ஜெனரேட்டரே பெட்டியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் அவ்வளவுகூட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; தானாக மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி அடியில் தேங்கும். வெளித்தண்ணீர் உள்ளே வராதபடி நான் செய்த தொட்டி, உள்ளிருக்கும் ஆவி வெளியே போகாத தொட்டியும் ஆகிவிட்டது. தகடு வேலை குறையில்லாத வேலை. வரைபடம் என்னுடையது.

இரண்டாவது பெட்டி

அடித்தகட்டின் ஓரங்களில் 2.5 சென்டிமீட்டர் விட்டத்தில் 12 துளைகள் போட்டு, எறும்பும் குளவியும் ஏறாதபடி துருப்பிடிக்காத வலை வைத்தோம். துளைகளுக்குக் கீழே 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தகடு. சாலைச் சேறு நேராக மேலே அடிக்காமல் தடுக்க. பக்கச் சுவர்கள் இரண்டிலும் மேல் ஓரத்தில் கீழ்நோக்கிச் சரிந்த காற்றுப்பலகைகள். கீழே போகும் ஆவிக்குப் பதிலாக மேலிருந்து காற்று உள்ளே வர வேண்டுமல்லவா. ரப்பர் பட்டையை முன்பக்க விளிம்பில் மட்டும் விட்டுவைத்தேன். ஜாக்கி இருக்கும் பக்கத்தில் துளையே இல்லை. புரொப்பேன் சிலிண்டரின் வால்வையும் எதுவும் மறைக்கவில்லை. புரொப்பேனும் காற்றைவிடக் கனம்தான்; அதற்கும் கீழே போகத் திறந்த வழி வேண்டும்.

இவ்வளவு காற்றோட்டம் வைத்தபின் ஒரு சபலம் எழுந்தது. உள்ளே வைத்தே ஓட்டினால் என்ன? 24 கிலோவை ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டாம், சங்கிலியை அவிழ்க்க வேண்டாம். பட்டறையிலும் ஒரு விசிறி போட்டுவிடலாம் என்றார்கள். மேல்மூடியை அகலத் திறந்துவைத்து வீட்டுப் பின்புறத்தில் சோதித்தேன். ஜெனரேட்டர் ஒரு முனையில் குளிர்காற்றை இழுத்து மறுமுனையில் வெப்பத்தையும் புகையையும் தள்ளும். பெட்டிச் சுவரில் மோதித் திரும்பிய வெப்பத்தை அதுவே மறுபடி இழுத்துக் குடித்தது. சைலன்சர் பக்கச் சுவரில் கையை வைக்க முடியவில்லை. சூட்டையாவது விசிறியால் சமாளிக்கலாம். புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அளக்க டிரெய்லரின் முன் ஜன்னலில் வைத்த மானி, கால் மணி நேரத்தில் 35 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 35 பங்கை, தாண்டியது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை அது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கும் கட்டில். எஞ்சினை அணைத்துவிட்டேன், அந்த யோசனையையும் சேர்த்து.

இது வைப்பதற்கான பெட்டி, ஓட்டுவதற்கான பெட்டி இல்லை என்று முடிவானதும் மற்றவை எளிதாயின. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர், தள்ளி ஓட்டும்படி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. முகாமில் எங்களுடைய வீடு டிரெய்லர்தான், துணிச்சுவர் போன்ற மெல்லிய வீடு. அதே விதியை அதற்கும் வைத்துக்கொண்டோம். 12 கேஜ் கம்பியில் 25 அடி நீளக் கேபிள் ஒன்று பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. ஓட்டும்போது ஜெனரேட்டரின் புகைமுனை டிரெய்லருக்கும் அடுத்த முகாமுக்கும் எதிர்ப்புறம் பார்க்கும்.

வெளியே எடுத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் எடுப்பது சுலபமாக இருக்க வேண்டும். முதல் பெட்டியில் மேல்மூடி மட்டுமே. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி 24 கிலோவைத் தூக்குவது முதுகுக்குச் செய்யும் துரோகம். இப்போது சாலையோரப் பக்கச் சுவர் கீல் வைத்துக் கீழே மடங்கும்; ஜெனரேட்டரை அதன்மேல் இழுத்து, உடம்போடு அணைத்து இறக்கலாம். யோசெமிட்டியின் முகாம் திடல்களில் இதன் அருமை தெரியும். அங்கே ஜெனரேட்டருக்கு அனுமதி காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும். ஒரு நாளில் மூன்று முறை எடுத்து, ஓட்டி, ஆறவிட்டு, உள்ளே வைக்க நேரும். ஆறவிடுவதில் நாங்கள் கறார்: அரை மணி நேரம் வெளியே நின்ற பிறகே பெட்டிக்குள் போகும், டேங்க் மூடியின் நெம்பும் அதன் பிறகே அடைபடும்.

மறுபடி எடை பார்த்தேன். தராசில் 66, மும்மடங்கு 198 கிலோ. கணக்கில் வந்தது 201. குளியலறைத் தராசிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு கோடைக்குப் பின்

அதே வழியில் தியோகாவைத் தாண்டி மறுபடி போனோம். முக்கால் டேங்க், காய்ந்த கார்புரேட்டர். மோனோ ஏரிப் பக்கம் இறங்கிக் கதவை மடக்கினால் மூக்கை உள்ளே நுழைத்தால் மட்டும் தெரியும் வாசம். டேங்க் மூடியின் சீறல் இன்னமும் உண்டு. அது மலையின் வேலை. துணி சுற்றி மெதுவாகத் திறக்கிறேன். ஜாக்கியின் பொத்தானுக்கு முன் பெட்டிக் கதவைத் திறந்து ஐந்து நிமிடம் விடுவது பழக்கமாகிவிட்டது.

இழப்பும் உண்டு. சியராவின் கிழக்கு அடிவாரத்திலுள்ள அலபாமா ஹில்ஸ் பக்கத்து மண்சாலைகளில் போய்வந்தால் 12 துளைகளும் தங்கள் பங்கு புழுதியை உள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றன. ஜெனரேட்டருக்கு ஒரு துணியுறை தைத்தோம். காற்று வடிகட்டியை முன்னைவிட அடிக்கடி கழுவுகிறேன். துவைக்கும் பலகைபோல் வரிவரியான அந்தச் சாலையில் ஒருமுறை கட்டுப்பட்டை தளர்ந்து, ஜெனரேட்டர் விரலகலம் நகர்ந்து சுவரைத் தேய்த்திருந்தது. அடித்தகட்டில் அதன் ரப்பர்க் கால்களைச் சுற்றிக் கோண அலுமினியத்தால் தாழ்ந்த வரப்பு கட்டினேன். அதன்பின் நகரவில்லை.

மலையில் சக்தி குறைவதைப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் 3.5 சதவீதம் இழக்கும். மோனோ ஏரிப் பக்கம், 2,000 மீட்டருக்குச் சற்று மேல், 1,800 வாட் என்பது 1,400க்கும் கீழே வந்துவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது மைக்ரோவேவை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிள்ளைகள் பாப்கார்னுக்காக அதை மீறுவதும் உண்டு.

இன்னும் தீராத ஒரு குறை, மேல்மூடியைத் தாங்கும் வாயுத் தண்டுகள். விடியற்காலைக் குளிரில் அவற்றின் அழுத்தம் குறைந்து மூடி மெல்ல மெல்ல என் தலையை நோக்கி இறங்குகிறது. அக்டோபர் காலை ஒன்றில் இரண்டு முறை இடிபட்டபின், பழைய துடைப்பக் கட்டை ஒன்றை 46 சென்டிமீட்டருக்கு அறுத்து உள்ளே போட்டுவைத்திருக்கிறேன். மூடியைத் தூக்கியதும் அதை முட்டுக் கொடுப்பது பெரியவளின் வேலை.